நாலு பேர் இல்லாத ஊர்

ஜொகூர் பாருவிலிருந்து தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்களிடம் அமைதியைப் பற்றிப் பேசினால் சிரிப்பார்கள். விடியற்காலை நாலரைக்கு எழுந்து, ஐந்து மணிக்கெல்லாம் சோதனைச் சாவடியில் ஆயிரக்கணக்கான மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே புகையை விழுங்கிக்கொண்டு நிற்கிற வாழ்க்கை எங்களுடையது. ஹெல்மெட்டைக் கழற்றிய பிறகும் காதில் இஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். ஆறு வருடம் இப்படி ஓடிய பிறகு, ஒரு மார்ச் மாதத்தில் பத்து நாள் விடுப்பு எடுத்தேன். சத்தமே இல்லாத ஓர் இடத்துக்குப் போக வேண்டும். அதைத் தவிர வேறு திட்டம் இல்லை.

நண்பன் ஒருவன் சொன்ன ஊர் லான்ஸ்டவுன். "சிம்லா, முசூரி பக்கம்லாம் போகாத மச்சான். தீபாவளி நேரத்து மஸ்ஜித் இந்தியா மாதிரி கூட்டமா இருக்கும். இங்க போ. ஒன்னுமே இருக்காது" என்றான். ஒன்றுமே இருக்காது என்பதுதான் என்னை இழுத்தது.

டெல்லியிலிருந்து இரவு ரயிலில் கோட்துவார். அங்கே சமவெளி முடிகிறது. பங்கு ஜீப்பில் ஏறி, துகட்டா வழியாக நாற்பது கிலோமீட்டர் மலைப்பாதை. ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் பைன் மரங்களுக்கும் ஓக் மரங்களுக்கும் நடுவே ஊர் வருகிறது. நான் போனபோது புராஞ்ச் மரங்கள் பூத்திருந்தன. நம்மூர்ச் செம்பருத்தியைக் கொத்துக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டதுபோல் மலைச்சரிவெங்கும் சிவப்பு. வானம் தெளிந்த காலையில் வடக்கே சௌகம்பா சிகரம் வெள்ளையாகத் தெரிந்தது. விடியலில் எங்கிருந்தோ ஒரு பியூகிள் ஓசை. அதற்குப் பிறகு காற்று பைன் ஊசிகளுக்குள் நுழைந்து வெளியேறும் சத்தம் மட்டும். முதல் நாள் நான் யாரிடமும் பேசவே இல்லை. காதுக்குள் ஓடிக்கொண்டிருந்த இஞ்சின் மாலையில் நின்றுபோனதை உணர்ந்தேன். உண்மையாகவே அழுகை வந்தது.

இந்த அமைதி தானாக அமைந்ததல்ல. பிரிட்டிஷ் அரசு 1887இல் கர்வால் படையினரை இங்கே கொண்டுவந்து குடியமர்த்தியது. அதுவரை இந்த மலைக்குக் காலோன் டாண்டா என்று பெயர்; கரிய மலை என்று பொருள். 1890இல் அப்போதைய வைஸ்ராயின் பெயரை ஊருக்குச் சூட்டினார்கள். இன்றைக்கும் இது கர்வால் ரைபிள்ஸ் படையணியின் தலைமையிடம். ராணுவக் கண்டோன்மென்ட் என்பதால் நினைத்தவரெல்லாம் நினைத்த இடத்தில் ஐந்து மாடி ஹோட்டல் கட்டிவிட முடியாது. மற்ற மலைவாசத்தலங்கள் பெருத்து வீங்கியபோதும் இந்த ஊர் சின்னதாகவே நின்றுவிட்டதற்கு அது ஒரு முக்கியக் காரணம். நான் ரசித்த அமைதிக்குப் பின்னால் சட்டமும் கட்டுப்பாடும் இருந்தன. அது எனக்குத் தொந்தரவாகத் தோன்றவில்லை. தொந்தரவு இரண்டாம் நாள் வந்தது.

நான் தங்கியது ஊருக்குச் சற்று வெளியே, ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவரின் வீட்டில். நீலகிரி வெலிங்டனில் மூன்று வருடம் இருந்தவர். பத்துப் பதினைந்து தமிழ்ச் சொற்கள் வைத்திருந்தார். மற்றதெல்லாம் ஆங்கிலமும் கையசைவும்தான். நான் அவரை அங்கிள் என்றேன், அவர் என்னை பேட்டா என்றார். மலேசியா என்றதும், "மலாயாவா?" என்று திருத்திக் கேட்டார். அவருடைய தாத்தாவின் தம்பி போரில் மலாயாவுக்குப் போய்த் திரும்பவே இல்லையாம். "சிங்கப்பூர்ல ஏதோ சுவத்துல பேர் இருக்குன்னு சொல்லுவாங்க. நாங்க யாரும் பாத்ததில்ல."

இரண்டாம் நாள் காலை பத்து மணி இருக்கும். மொட்டை மாடியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். கீழே பள்ளத்தாக்கில் மண் அள்ளும் இயந்திரம் ஒன்று உறும ஆரம்பித்தது. பாறையை உடைக்கும் சத்தம் மலையில் மோதி இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. மதியம்வரை நிற்கவில்லை. டீ கொண்டு வந்தவரிடம், "இந்தச் சத்தம் எப்ப அங்கிள் நிக்கும்?" என்று கேட்டேன். என் குரலில் எரிச்சல் இருந்தது.

"ரோடு போடுறாங்க. இன்னும் ஒரு வருஷம் ஆகும்" என்றார்.

இவ்வளவு அழகான இடத்தை இவர்களே ஏன் வெட்டிக் கெடுத்துக்கொள்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. அதைச் சொல்லவும் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. டீ கிளாஸை எடுத்துக்கொண்டு போகும்போது, "நாளைக்கு அந்த ரோடு எந்த ஊருக்குப் போகுதுன்னு காட்டுறேன். எனக்கும் ஒரு ஆள் துணை வேணும்" என்றார்.

துணை எதற்கு என்பது மறுநாள் தெரிந்தது. அவருடைய பூர்விகக் கிராமத்தில் தனியாக இருக்கும் ஒரு மூதாட்டிக்குச் சமையல் எரிவாயு சிலிண்டர் கொண்டு போக வேண்டும். வாயு மட்டும் 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் முப்பது. ஜீப் ஓரிடத்தில் நின்றுவிட்டது. அங்கிருந்து ஒற்றையடிப் பாதையில் ஒரு மணி நேர இறக்கம். கயிற்றைக் கட்டி முதுகில் மாற்றி மாற்றிச் சுமந்தோம். என்னைவிட முப்பது வயது மூத்தவர் ஒருமுறைகூட மூச்சு வாங்கவில்லை. நான் நாலு தடவை உட்கார்ந்தேன்.

கிராமம் அழகாக இருந்தது. முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும். படிப்படியாக இறங்கும் வயல்கள், கல் ஓடு வேய்ந்த வீடுகள், செதுக்கிய மரக்கதவுகள். அருகில் போன பிறகுதான் கதவுகளில் துருப்பிடித்த பூட்டுகள் தெரிந்தன. சில வீடுகளில் கூரை உள்ளே விழுந்து, வாசலில் தொட்டால் அரிக்கும் காஞ்சொறிச் செடி ஆளுயரத்துக்கு வளர்ந்திருந்தது. வயல்களில் பயிருக்குப் பதில் புதர். முப்பது வீட்டில் மூன்றில் மட்டும் புகை வந்தது.

"போடி!" என்று குரல் கொடுத்தார் ஹவில்தார். எனக்குத் திக்கென்றது. பிறகு விளக்கினார்: கர்வாலி மொழியில் போடி என்றால் பெரியம்மா. நம்மூரில் அதற்கு என்ன அர்த்தம் என்று சொன்னேன். அவர் அதை மொழிபெயர்க்க, அந்தப் பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

கேழ்வரகு ரொட்டி சுட்டுக் கொடுத்தார். அங்கே அதற்கு மண்டுவா என்று பெயர். சாப்பிட்டு முடித்துத் திண்ணையில் உட்கார்ந்தபோது மனம் நிறைந்து போய், "எவ்வளவு அமைதியா இருக்கு இங்க" என்றேன். மனதில் பட்டதைத்தான் சொன்னேன். ஹவில்தார் மொழிபெயர்த்தார். பெரியம்மா ஏதோ நீளமாகச் சொன்னார்.

"ராத்திரி நாய் குலைச்சிக்கிட்டே இருந்தாதான் எனக்குத் தூக்கம் வரும்கிறாங்க. நாய் சத்தம் நின்னுட்டா எழுந்து உக்காந்துக்குவாங்களாம்."

ஏன் என்று கேட்டேன். "சிறுத்தை" என்றார் அவர். வயல் காடாக மாறியதும் சிறுத்தை வீட்டு வாசல்வரை வருகிறது. பகலில் குரங்கும் காட்டுப்பன்றியும். எனக்குக் காது ஓய்வெடுக்கிற நேரம்தான் அமைதி. அவருக்கு அமைதி என்றால் காது முழுவிழிப்போடு வேலை செய்கிற நேரம். ஒரே திண்ணையில் ஒரே நிசப்தத்தில் உட்கார்ந்திருந்தோம்.

பிறகு ரோட்டின் கதையைச் சொன்னார்கள். இரண்டு குளிர்காலத்துக்கு முன் பெரியம்மாவின் கணவருக்கு இரவில் நெஞ்சுவலி. அந்தப் பாதையில் நோயாளியை நாற்காலியில் வைத்துக் கட்டி, கழி செருகி, நாலு பேர் தோளில் தூக்கிக்கொண்டு மேலே ரோடுவரை ஏற வேண்டும். ஊரில் அப்போது திடமான ஆண்கள் இரண்டு பேர். போன் அடித்ததும் ஹவில்தார் மேலேயிருந்து இறங்கி ஓடி வந்தார். மூன்று. நாலாவது ஆளைத் தேடி பக்கத்துக் கிராமத்துக்கு ஒருவர் டார்ச்சோடு போனார். "விடிஞ்சப்புறம்தான் நாலாவது ஆள் வந்து சேந்தான். அதுக்குள்ள முடிஞ்சிருச்சு. அதே நாலு பேர்தான் அவர கீழ ஆத்துக்குக் கொண்டு போனோம்" என்றார்.

'நாலு பேருக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்', 'நாலு பேர் மாதிரி இரு', 'கடைசியில தூக்க நாலு பேர் வேணும்' என்று நம் வீடுகளில் கேட்டுக் கேட்டுச் சலித்தவன் நான். அந்த நாலு பேர் யாரென்று எரிச்சலோடு கேட்டும் இருக்கிறேன். அது ஓர் எண்ணிக்கை என்று, ஓர் ஊர் ஊராக இருப்பதற்கு வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை என்று, அந்தத் திண்ணையில்தான் புரிந்தது. பள்ளத்தாக்கில் நான் சபித்த இயந்திரம் அந்த நாலாவது ஆளுக்குப் பதிலாக வந்துகொண்டிருந்தது.

இது ஒரு கிராமத்தின் கதை மட்டுமல்ல. லான்ஸ்டவுன் இருக்கும் பௌரி கர்வால் மாவட்டத்தின் மக்கள்தொகை 2001க்கும் 2011க்கும் இடையில் 1.4 விழுக்காடு குறைந்தது. பிறப்பும் இறப்பும் போட்டியிட்டு அப்படி ஆகவில்லை. மக்கள் கிளம்பிப் போனார்கள். மலைமக்களின் தேவைகளை நிறைவேற்றவென்று 2000இல் உத்தராகண்ட் தனி மாநிலமான பிறகுதான் இது நடந்தது. அந்த மாநிலம் அமைத்த இடப்பெயர்வு ஆணையம் 2018இல் தந்த அறிக்கையின்படி, 2011க்குப் பிறகு மட்டும் 734 கிராமங்கள் ஆளே இல்லாமல் காலியாகியிருந்தன. பேய்க் கிராமங்கள் என்று அங்கே சொல்கிறார்கள். பள்ளிக்கூடம், மருத்துவமனை, வேலை ஆகியவையே காரணம். யாருக்கும் தெரியாத ரகசியம் இதில் எதுவுமில்லை.

எனக்கு உறுத்தியது வேறு. இதே குற்றத்துக்காக நான் முன்பு மற்றவர்கள்மேல் கோபப்பட்டிருக்கிறேன்.

என் பாட்டி மூவார் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பால்மரத்தை அழித்துச் செம்பனை போட்டபோது ஆள் குறைத்தார்கள். லயங்கள் ஒவ்வொன்றாகக் காலியாகின. கோயில் மட்டும் நின்றது. பிறகு ஒருநாள் கோலாலம்பூரிலிருந்து கேமராவோடு சிலர் வந்தார்கள். உடைந்த லயத்தின் ஜன்னலையும் பாசி படிந்த படிக்கட்டையும் படம் எடுத்தார்கள். ஒருவர் பாட்டியிடம், "இந்த அமைதிக்கே இங்க வந்து தங்கலாம் போல இருக்கு பாட்டி" என்றார். பாட்டி சிரித்து வைத்தார். அவர்கள் போன பிறகு, "பெரட்டுக்குச் சங்கு ஊதுன காலத்துல வந்து பாத்திருக்கணும். இருநூறு குடும்பம். அமைதியாமே" என்று முணுமுணுத்தார். எனக்கு அவர்களை அடிக்க வேண்டும்போல் இருந்தது. எங்களுடைய இல்லாமை அவர்களுக்கு ஒரு காட்சியாக இருந்தது. பதினெட்டு வருடம் கழித்து, மூவாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், அதே வாக்கியத்தை வேறொரு கிழவியிடம் நான் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்படியானால் நான் என்ன செய்திருக்க வேண்டும்? அமைதியை ரசித்ததே தப்பா?

தப்பு என்று நான் நினைக்கவில்லை. வெயிலில் வந்தவன் மரநிழலில் நிற்கும்போது மரத்தை நட்டவனின் வம்சாவளியை விசாரிக்க வேண்டியதில்லை. களைத்த காதுக்கு ஓய்வு தேவை. அது கிடைத்தபோது வந்த கண்ணீர் பொய்யில்லை. ஒவ்வோர் இன்பத்துக்கும் பின்னால் யாருடைய துன்பம் இருக்கிறது என்று தோண்டிக்கொண்டே போனால் கடைசியில் குற்ற உணர்ச்சி மட்டும்தான் மிஞ்சும். அதனால் பெரியம்மாவுக்கு ஒரு சிலிண்டர்கூடக் கிடைக்காது.

தப்பு ரோட்டின்மேல் எரிச்சல் வந்த இடத்தில் ஆரம்பித்தது என்று இப்போது நினைக்கிறேன். அமைதி எனக்குப் பிடித்திருந்தது, அது ஆசை. 'இந்த அமைதியை இவர்கள் கெடுக்கக் கூடாது' என்று நினைத்தபோது ஆசை உரிமையாக மாறிவிட்டது. பத்து நாள் தங்கப் போகிறவனின் தேவையை வைத்து வருடம் முழுக்க இருப்பவர்களின் தேவைக்குத் தீர்ப்பு எழுதினேன். நான் வெறுத்து ஓடி வந்த சத்தம் எது? என்னை வேலைக்கும் மருத்துவமனைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கொண்டு சேர்த்த சாலைகளின் சத்தம். அவையெல்லாம் எனக்குக் கிடைத்துவிட்டன. கிடைக்காதவர்களைப் பார்த்து, 'நீங்கள் அப்படியே இருங்கள், அழகாக இருக்கிறது' என்று சொல்லியிருக்கிறேன்.

இன்னொரு பக்கமும் வழுக்கும். கிராமத்தைப் பார்த்துவிட்டு வந்த அன்றிரவு, அது செத்துக்கொண்டிருக்கிறது என்று எனக்குப் பெரிய சோகம். ஹவில்தாரிடம் புலம்பினேன். போனவர்கள் திரும்பி வரக் கூடாதா என்று கேட்டேன். அவர் சொன்னார்: "போடிகிட்ட கேட்டுப் பாரு. பிள்ளைகள போகச் சொன்னதே அவங்கதான். பேத்தி டேராடூன்ல நர்ஸ். அத சொல்லும்போது அவங்க முகத்த நீ பாக்கல." பெரியம்மா பேத்தியைப் பற்றிப் பேசியபோது நான் மரக்கதவைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த 734 கிராமங்களில் ஒவ்வொன்றுக்குள்ளும் இப்படிப் பள்ளிக்கூடம் போன பெண் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களும் ஊரில் இருந்திருக்க வேண்டும் என்று கவலைப்படுவது, ரோடு வேண்டாம் என்று சொல்வதைவிட எவ்வளவு மேல்? பாட்டியின் லயம் காலியானதால்தான் அம்மா டவுனில் படித்தார். நான் கட்டுரை எழுதுகிறேன்.

இங்கேதான் எனக்கு உண்மையான சிக்கல். போனவர்கள் செய்தது சரி. அனுப்பியவர் செய்தது சரி. ஆனாலும் ஒரு மனிதர், நாலாவது தோள் கிடைக்காமல், விடியும்வரை நாற்காலியில் கட்டப்பட்டபடி காத்திருந்து இறந்து போனார். யார்மேல் பழி போடுவது? ஒவ்வொருவரும் எடுத்த சரியான முடிவு, ஊரிலிருந்து ஒரு தோளைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் குற்றவாளியே இல்லை. சேர்த்துப் பார்த்தால் ஒரு சாவு இருக்கிறது.

கர்வாலில் இந்தக் கழித்தல் கணக்கு நேற்று ஆரம்பித்ததல்ல. இளைஞர்களை ஊரைவிட்டு வெளியே எடுத்த முதல் பெரிய கதவுகளில் ஒன்று லான்ஸ்டவுன் முகாமே. மலைக்கிராமங்களை மணியார்டர் பொருளாதாரம் என்று சொல்வார்கள். ஆண்கள் வெளியே, பணம் மட்டும் உள்ளே. ரோடு வந்தால் இது நிற்குமா என்று ஹவில்தாரிடம் கேட்டேன். நேர்மையாகச் சொன்னார்: "ரோடு வந்த ஊர்லருந்தும் போயிருக்காங்க. லாரியில சாமான் ஏத்த இன்னும் சுலபம்."

தவறு செய்தவர் இல்லை என்பதால் கடன்பட்டவரும் இல்லை என்று ஆகிவிடாது. ரோடும் மருத்துவமனையும் அரசு தர வேண்டிய கடன். மாநிலம் பிறந்து இத்தனை வருடத்துக்குப் பிறகும் பாக்கி இருக்கிறது. வந்து போகிற எனக்கு என்ன கடன்? நான் கண்டுபிடித்தது மிகச் சின்னது. ஓர் ஊரில் இருக்கிறோம் என்றால், இருக்கும்வரை அந்த நாலு பேரில் ஒருவராக எண்ணப்படத் தயாராக இருப்பது. முதல் இரண்டு நாள் நான் அந்த மலையில் இருந்தேன், ஆனால் எந்தக் கணக்கிலும் இல்லை. ராத்திரி யாருக்காவது நெஞ்சு வலித்திருந்தால் என்னை எழுப்ப யாருக்கும் தோன்றியிருக்காது. மூன்றாம் நாள் ஹவில்தார், "எனக்கும் ஒரு ஆள் துணை வேணும்" என்றபோதுதான் நான் ஊருக்குள் வந்தேன். மூச்சு வாங்கி நாலு தடவை உட்கார்ந்த, அதிகம் பயன்படாத தோள்தான். இருந்தாலும் ஒரு தோள்.

மீதி நாட்களில் இயந்திரச் சத்தம் கேட்டது. எரிச்சல் வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது, வாயை மூடிக்கொண்டேன்.

ஊர் திரும்பிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிராஞ்சிக்குப் போனேன். தினமும் அந்தப் பக்கமாகத்தான் வேலைக்குப் போகிறேன். ஒருமுறைகூட உள்ளே நுழைந்ததில்லை. 1942 ஜனவரியில் மூவார் ஆற்றங்கரையைக் காக்க அனுப்பப்பட்ட 45ஆவது இந்தியப் படைப்பிரிவில் ராயல் கர்வால் ரைபிள்ஸின் 5ஆவது பட்டாலியனும் இருந்தது. புதிதாகத் திரட்டப்பட்ட, முழுப் பயிற்சிகூட முடியாத இளைஞர்கள். சில நாட்களில் அந்தப் படைப்பிரிவே சிதைந்து போனது. பாட்டியின் தோட்டம் இருந்த அதே வட்டாரம். சிறுவயதில் நான் சைக்கிள் ஓட்டிய மண்ணில் அவர்களில் எத்தனை பேர் விழுந்தார்களோ, எனக்கு யாரும் சொன்னதில்லை.

கிராஞ்சி நினைவகத்தின் சுவர்களில் இருபத்துநாலாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். கல்லறை எதுவென்று தெரியாதவர்களின் பெயர்கள். தூக்க நாலு பேர் வராதவர்களின் பட்டியல். கர்வால் படையினரின் பகுதியைத் தேடிக் கண்டுபிடித்துப் படம் எடுத்து ஹவில்தாருக்கு அனுப்பினேன். அவருடைய சின்னத் தாத்தாவின் பெயரும் அதே பெயர் கொண்ட வேறு சிலரும் இருந்ததால், எது அவர் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அந்த இடம் எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று எழுதப் போனேன். எழுதி, அழித்தேன். அதற்குள் அவரிடமிருந்து குரல்பதிவு வந்தது. பின்னணியில் அந்த இயந்திரத்தின் உறுமல் கேட்டது.

"அங்க யாராவது வர்றாங்களா பேட்டா?"

சுற்றிப் பார்த்தேன். ஒருவர் புல் வெட்டிக்கொண்டிருந்தார். ஆசிரியரோடு பத்துப் பன்னிரண்டு பள்ளிப் பிள்ளைகள் சத்தமாகப் பேசிக்கொண்டு படியேறி வந்தார்கள்.

"வர்றாங்க அங்கிள்" என்றேன்.